ஆயிரத்து முந்நூற்று எழுபத்து நான்காம் பக்கம்

அவர் வேதியியல் பேராசிரியர். ஆனால், நாற்பது ஆண்டுப் பணியில் ஒரு சோதனைக்குழாயைக்கூடக் கையால் தொட்டதில்லை. மூலக்கூறுகளுக்குள் எலெக்ட்ரான்கள் எவ்வாறு பரவி நிற்கின்றன என்பதைக் காகிதத்திலும், பிற்காலத்தில் கணினியிலும் கணக்கிடுவதே அவருடைய தொழில். துறையில் அவருக்குப் பென்சில்காரர் என்று பெயர். மனைவியோ ஒருபடி மேலே போய், "அடுப்பே பத்த வைக்கத் தெரியாதவருக்கு வேதியியல் பட்டம் குடுத்தது யாருங்க?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் தேடுவதற்குள் தேநீரை மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்.

அறுபத்தொரு கட்டுரைகள் எழுதினார். அவற்றில் அறுபது வந்த சுவடே தெரியாமல் போயின. முதல் கட்டுரை மட்டும் பிழைத்துக்கொண்டது. உலோக அணுக்களுக்கிடையே உள்ள பிணைப்பின் வலிமையைக் கணிக்க அதில் அவர் தந்த சுருக்கவழியை நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தன. காலையில் அறைக்குள் நுழைந்ததும், குடையை மாட்டுவதற்கு முன்பே, கணினியில் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்.

அக்கட்டுரையில் ஒரு பிழை இருந்தது. மூன்றாம் அட்டவணையின் நான்காம் வரியில் ஒரு கழித்தல் குறி விடுபட்டிருந்தது. அச்சாகி இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகே அது அவர் கண்ணில் பட்டது. ஆய்விதழுக்கு நான்கு வரியில் ஒரு திருத்தக் குறிப்பு அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும்.

"இன்னுமா அனுப்பலை?" என்றார் மனைவி.

"யாராவது கண்டுபிடிச்சுக் கேக்கட்டும். அப்ப அனுப்பறேன்."

"நல்லாருக்குங்க. நீங்க ஒளிஞ்சுக்குவீங்க, ஊரு தேடணுமாக்கும்."

ஒருவரும் கேட்கவில்லை. மனைவி இறந்தும் ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. தம்மை ஒருவரேனும் ஊன்றிப் படித்தார் என்பதற்கு அந்த ஒரு கேள்வியே சான்று என்று அவர் மனத்தில் எப்படியோ பதிந்துபோயிருந்தது. ஓய்வு பெறுவதற்குள் அது வந்துவிடாதா என்று ஏங்கினார்.

ஓய்வுக்குப் பத்து நாள் இருக்கையில், வழியனுப்பு விழாவுக்காக அவருடைய கட்டுரைப் பட்டியலைத் தொகுத்துவந்த நூலகர் அவரை அழைத்தார். எதையும் இருமுறை சரிபார்க்கும் பெண்மணி அவர்.

"உக்காருங்க சார். சேதி அவ்வளவு நல்லா இல்லை."

"என்னம்மா, ஓய்வைத் தள்ளி வச்சுட்டாங்களா?"

நூலகர் சிரிக்கவில்லை. "உங்க முதல் கட்டுரை எந்தப் பக்கத்துல ஆரம்பிக்குது?"

"ஆயிரத்து முந்நூத்தி எழுபத்தி நாலு."

"நானூத்திப் பதினோரு கட்டுரையில ஆயிரத்து முந்நூத்தி நாப்பத்தேழுன்னு இருக்கு. அந்தப் பக்கத்துல வேற யாரோ துணிச் சாயத்தைப் பத்தி எழுதியிருக்காங்க."

தவற்றின் ஊற்றையும் நூலகர் கண்டுபிடித்திருந்தார். பேராசிரியர் தம் இரண்டாம் கட்டுரையில் முதல் கட்டுரையைக் குறிப்பிடும்போது, கடைசி இரண்டு எண்களை இடம்மாற்றி எழுதிவிட்டார். அதைப் பார்த்துச் சிலர் எழுதினர். அவர்களைப் பார்த்துப் பலர். மூலக் கட்டுரையைத் திறந்து பார்த்தவர் எவரும் அந்த எண்ணை அப்படியே விட்டிருக்கமாட்டார்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்ப ஒருத்தர்கூடப் படிக்கலையாம்மா?"

"ஒருத்தங்க படிச்சிருக்காங்க சார். இவங்க மட்டும் சரியான பக்கத்தைப் போட்டிருக்காங்க."

நூலகர் நீட்டியது பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த கட்டுரை. எங்கோ ஒரு சிறு கல்லூரியின் ஆசிரியை எழுதியது. அதன் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: 'மூன்றாம் அட்டவணையின் நான்காம் வரியில் கழித்தல் குறி விடுபட்டிருக்கலாம் எனக் கருதுகிறேன். எஞ்சிய கணக்கு மிக அழகானது. ஆசிரியரின் கருத்தை அறிய விழைகிறேன்.'

"இதை நீங்க பார்த்ததே இல்லையா சார்?"

பார்த்திருந்தார். இந்தக் கட்டுரையால் மேற்கோள் எண் தொண்ணூற்றாறிலிருந்து தொண்ணூற்றேழு ஆன நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அதைத்தான் சொன்னார். "யாருங்க? என்ன எழுதியிருக்காங்க?" என்று மனைவி ஆவலோடு கேட்டார். "தொண்ணூத்தேழு" என்று மறுபடியும் சொல்லிவிட்டு அவர் கைகழுவப் போய்விட்டார். கட்டுரையைத் திறக்கவே இல்லை. அது மட்டுமன்று, நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்றையும் அவர் திறந்ததில்லை.

"இவங்க முகவரி கிடைக்குமாம்மா?"

"விசாரிச்சேன் சார்." நூலகர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன வருஷம் காலமாயிட்டாங்களாம்."

பேராசிரியர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, வெள்ளைத்தாள் ஒன்று கேட்டு வாங்கினார். முப்பதாண்டுகளுக்கு மேலாக எழுதாமல் விட்ட திருத்தக் குறிப்பை எழுதினார். பிழையைக் கண்டறிந்தவர் என்று அந்த ஆசிரியையின் பெயரை முதல் வரியிலேயே எழுதி, அவருடைய கட்டுரையையும் மேற்கோள் காட்டினார். பிறகு தாளை நூலகரிடம் தந்தார்.

"அவங்க பக்க எண்ணை மட்டும் ஒரு தடவை பார்த்துடுங்கம்மா. என்னை நம்பாதீங்க."

நூலகர் தம் வழக்கப்படி இருமுறை பார்த்தார்.

"சரியா இருக்கு சார்."