புருவம் பார்த்துச் சொன்ன பாகை

கணக்கு டீச்சருக்குத் தன் வகுப்பைப் பற்றி ஒரு பெருமை இருந்தது. இருக்காதா பின்னே? ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கோணமானியைத் தொடாமல், வெறும் கண்ணால் பார்த்தே கோணத்தைச் சொல்லிவிடுவார்கள். அறுபத்தெட்டுப் பாகை என்றால் அறுபத்தேழு, அறுபத்தொன்பது என்று பக்கத்தில் வந்து நிற்பார்கள். நாம் அந்த வயதில் கோணமானியை வைத்துக்கொண்டே தப்பாகச் சொன்னவர்கள்!

விளையாட்டு ரொம்பச் சின்னது. இரண்டு மரச்சட்டங்கள், அவற்றை ஒரு முனையில் பிணைக்க ஒரு திருகாணி. பிள்ளைகள் அதைக் 'கத்தரி' என்பார்கள். டீச்சர் அதைக் கரும்பலகைமேல் வைத்து விரிப்பார். எத்தனை பாகைக்கு விரிப்பது என்று காலையிலேயே அளந்து, பலகையில் பொடிப்பொடியாகப் புள்ளி வைத்திருப்பார். விரித்ததும் பிள்ளைகள் ஆளுக்கொரு எண்ணைக் கத்துவார்கள். கத்தி ஓய்ந்ததும் நோட்டில் ஒரு எண்ணை எழுத வேண்டும். அப்புறம்தான் பெரிய கோணமானி வரும். பக்கத்தில் வந்தவருக்கு ஒரு நட்சத்திரம். சட்டம் நீளமாக இருந்தால் கோணமும் பெரிது என்று ஏமாறுகிறார்களா என்று பார்க்க, சில நாள் குட்டைச் சட்டத்தை மாட்டுவார். ஊகூம், ஏமாறவே மாட்டார்கள். அதிலும் 'புலி' என்று பெயர் வாங்கிய பையன் நட்சத்திரமாக வாங்கிக் குவித்திருந்தான்.

ஆறு வருஷமாக டீச்சருக்குத் தற்காலிக வேலைதான். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் வேலை நீட்டிப்புக் கடிதம் வருமா வராதா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். இந்த முறை கல்வி அதிகாரி நேரில் வந்து ஒரு வகுப்பு பார்ப்பதாகவும், பிடித்திருந்தால் நிரந்தரமாக்க எழுதிவிடுவதாகவும் தகவல் வந்தது. தலைமை ஆசிரியைக்கு வாயெல்லாம் பல்.

"கத்தரி விளையாட்டையே போட்டுடு. அவர் அப்படியே அசந்துடுவார் பாரு."

அவர் வருவதற்கு முதல் நாள் ஒத்திகை. டீச்சர் கத்தரியை எழுபத்தைந்துக்கு விரித்த நேரம் பார்த்து, அலுவலக ஊழியர் ஏதோ கையெழுத்துக்கு வாசலில் வந்து நின்றார். டீச்சர் அவர் பக்கம் திரும்பிக்கொண்டே, "நீங்க சொல்லுங்கடா, நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

வகுப்பில் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு குரல் முப்பது என்றது. இன்னொன்று நூற்று நாற்பது என்றது. டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னடா ஆச்சு உங்களுக்கு?"

"நீங்க இந்தப் பக்கம் திரும்புங்க டீச்சர், அப்பத்தானே தெரியும்!" என்றான் புலி.

"நான் திரும்பினா என்னடா தெரியும்?"

"பக்கத்துல வந்துட்டா உங்க புருவம் மேல போகும். ரொம்பத் தள்ளிப் போனா மூக்கை உறிஞ்சுவீங்க. அதை வச்சுத்தானே டீச்சர் ஆடணும்?"

அவன் முகத்தில் துளி கள்ளம் இல்லை. மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அதுதான் விளையாட்டு என்றே அந்தப் பிள்ளைகள் வருஷம் பூராவும் நினைத்திருந்தார்கள். ஒருத்தரும் கத்தரியைப் பார்த்ததாகவே தெரியவில்லை. டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மணி அடித்துவிட்டதால் இரண்டும் பாதியில் நின்றன.

சாயங்காலம் படச்சட்டம் போடும் கடையில் இருந்த கணவரிடம் போய்ச் சொன்னார். அவர் கண்ணாடி அறுப்பதை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம்தான் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"சரி விடு. நாளைக்கு ஒரு நாள் பழையபடியே நின்னுடு. ஆர்டர் கையில வந்ததும் மாத்திக்கலாம். குடியா முழுகிடும்?"

"அதிகாரி இதை நல்லாருக்குன்னு எல்லா ஸ்கூலுக்கும் எழுதிட்டார்னா? ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் டீச்சர் மூஞ்சியைப் பார்த்துப் பாகை சொல்லும். அந்தப் பாவம் என் தலையிலதானே விடியும்?"

"ஆறு வருஷம்மா..."

"தெரியும். அதை நீங்க வேற சொல்லாதீங்க."

மறுநாள் அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் தலைமை ஆசிரியை. டீச்சர் பலகையில் இருந்த புள்ளிகளை ஈரத்துணியால் துடைத்தார். கத்தரியை முன் வரிசைப் பையனிடம் கொடுத்து, "உன் இஷ்டத்துக்கு விரி. எனக்கும் தெரியக் கூடாது" என்றார். பிறகு விறுவிறுவென்று நடந்து, பிள்ளைகள் எல்லோருக்கும் பின்னால், சுவரோரம் போய் நின்றுகொண்டார். முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

முதல் சுற்று சந்தி சிரித்தது. அளந்தால் நூற்றுப் பத்து. புலி நாற்பது என்று எழுதியிருந்தான். தலைமை ஆசிரியை முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார். நட்சத்திரம் யாருக்கு என்று தேடினால், நூறு என்று எழுதியிருந்த ஒருத்திக்குப் போனது. 'நத்தை' என்று மற்றவர்கள் கேலி செய்யும் பெண். ஆசிரியர்களை நிமிர்ந்து பார்க்கவே கூச்சப்படுகிற பெண். அந்த வருஷத்தில் ஒரு நட்சத்திரம்கூட வாங்காதவள்.

இரண்டாம் சுற்றும் அவளுக்கு. மூன்றாவதும் அவளுக்கு.

"எப்படிம்மா சொல்றே?" என்று கேட்டார் அதிகாரி.

அவள் மேஜையைப் பார்த்தபடியே சொன்னாள். "நோட்டு மூலையை நினைச்சுப்பேன் சார். அது தொண்ணூறு. அதுக்குமேல கூடவா, குறைச்சலான்னு பார்ப்பேன். குறைச்சலா இருந்தா மூலையைப் பாதியா மடிச்ச மாதிரி நினைச்சுப்பேன். எப்பவும் பத்துப் பாகை தப்பா வந்துடும்."

டீச்சர் பத்துப் பாகைத் தப்புக்காக ஒரு வருஷம் முழுக்க, 'இதுக்குக் கணக்கு ஏறாது' என்று அந்தக் குழந்தையை ஒதுக்கி வைத்திருந்தார். அந்த வகுப்பில் கணக்குப் போட்டது அது ஒன்றுதான்.

வகுப்பு முடிந்ததும் அதிகாரி தாழ்வாரத்தில் நின்று கேட்டார். "நீங்க அனுப்பியிருந்த ரிப்போர்ட்ல ரெண்டு மூணு பாகைதான் வித்தியாசம் வரும்னு இருக்கே?"

டீச்சர் நடந்ததை மென்று முழுங்காமல் சொன்னார், புருவம் மூக்கு உட்பட.

"நேத்தே தெரிஞ்சும் இப்படி நடத்தினீங்களா?"

"ஆமா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாராட்டு எழுதலாம். ஆனா இன்னைக்கு நான் பார்த்ததை வச்சு நிரந்தரம்னு எழுத முடியாதும்மா. அடுத்த வருஷம் வரேன்."

அவர் போன பிறகு தலைமை ஆசிரியை பிடித்துக்கொண்டார். "கைக்கு வந்ததை இப்படிக் கெடுத்துக்கிட்டியே! பைத்தியமா உனக்கு?"

"தெரியல மேடம்."

குழாயடியில் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, யாரும் பார்க்காதபடி நன்றாக அழுதார். இன்னொரு வருஷம், இன்னொரு கோடை விடுமுறை. நினைக்க நினைக்க ஆற்றாமையாக இருந்தது. அடுத்த பாடவேளைக்கு மணி அடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்கு நடந்தார்.

உள்ளே ஒரே கூச்சல். கத்தரி இப்போது நத்தையின் கையில். அவள் விரித்துப் பிடித்திருக்க, புலி நோட்டின் மூலையைத் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். "தொண்ணூறுக்குக் கம்மிடா, ஆனா பாதியைவிட ஜாஸ்தி!" என்று கத்தினான். "அறுபது!" என்றது ஒரு குரல். "போடா, எழுபது!" என்றது இன்னொன்று. டீச்சர் வாசலைத் தாண்டி உள்ளே வந்து நின்றார். ஒருத்தரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.