புதுச் சட்டியில் ஊறிய பாண்

ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் நான் சமையல்காரனாக இருந்த காலம். கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு விருந்தாளிகள் வந்தால், துரையின் மனைவி துரைசாணிக்கு ஒரே ஒரு கண்டிப்பு: விடிந்ததும் குசினியில் பாத்திரம் உருளக் கூடாது. ஆகையால் காலைச் சாப்பாட்டை முந்தின நாளே தயார் செய்துவிட வேண்டும். பழைய பாண் ரொட்டியை வெட்டி, வெண்ணெய் தடவி, இடையிடையே மாட்டிறைச்சித் துண்டுகளை அடுக்கி, முட்டையும் பாலும் அடித்து ஊற்றி மூடி வைப்பேன். விடிவதற்குள் ஊறிவிடும். பிறகு போறணை அடுப்புக்குள் தள்ளி வேகவிட வேண்டியதுதான். சுலபமான வேலை என்று துரைசாணி சொல்வார். அடுக்குகிறவனுக்குத்தான் தெரியும்.

அந்த வருஷம் பங்களாவுக்கு எட்டு விருந்தாளிகள். எனக்கு ஒரே விருந்தாளி, என் மகள். தாயில்லாத பிள்ளை. அந்தக் குசினியில் விறகுப் பெட்டிமேல் உட்கார்ந்து, மேசையில் மிஞ்சியதைத் தின்று வளர்ந்தவள். ஆவணியில் அவளைப் பூனாகலையில் ஒரு கங்காணி வீட்டுக்குக் கட்டிக் கொடுத்திருந்தேன். பெரிய இடம் என்று நான்தான் துள்ளிக் குதித்தேன். அவள் போன பிறகு அடுப்போடு பேசிக்கொண்டிருந்தேன். அது பதில் சொல்லாது, குற்றமும் சொல்லாது.

சம்பந்தி வீட்டார் மாட்டிறைச்சி தொடாதவர்கள். அதனால் அவளுக்கென்று பதுளைக் கடைவீதியில் ஒரு புதுச் சட்டி வாங்கினேன். வேறு கத்தியால் பாணை வெட்டினேன். முட்டை சேர்க்கவில்லை. பால், கருப்பட்டி, ஏலக்காய், கொஞ்சம் முந்திரிப்பருப்பு, அவ்வளவுதான். அதையும் ஊற வைத்தேன். அவள் முந்தின நாளே மாப்பிள்ளையோடு வந்து, எங்கள் தோட்டத்து மேற்கணக்கில், தொழிலாளர் லயத்தில் அவருடைய சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தாள். காலையில் வருவதாக ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். அப்பன் இங்கே இருக்க அங்கே ஏன் தங்கினாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

காலையில் போறணைக்குள் விருந்தாளிகளின் தட்டை ஒரு பக்கமும் அவளுடைய சட்டியை மறு பக்கமும் வைத்தேன். இரண்டும் நன்றாகவே சிவந்தன. தட்டு மேசைக்குப் போன சற்று நேரத்தில் அவள் வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். சட்டி புதிது, கத்தி வேறு, முட்டை இல்லை என்று கடைக்காரன் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னேன். போறணை ஒன்றுதான் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். ஒரு துண்டை இலையில் வைத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"வேணாம்பா. இங்க கை நனைக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்புனாங்க."

போறணையைத்தான் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். வெளியே மூன்று கல் கூட்டிப் பாலாவது காய்ச்சித் தருகிறேன் என்றேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"சட்டியும் அடுப்பும் இல்லப்பா. ஒங்க கையத்தான் சொன்னாங்க."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டறையில் மணி அடித்தது. விருந்தாளிகளுக்கு இன்னும் வேண்டுமாம். கொடுக்க வேறெதுவும் இல்லை. அந்தச் சட்டியையே கொடுத்துவிடும்படி அவளே சொன்னாள். துண்டுகளைத் தட்டில் மாற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். இனிப்பு நன்றாக இருக்கிறது என்று துரைசாணி சொன்னது காதில் விழுந்தது.

மாப்பிள்ளை லயத்தில் காத்திருப்பார் என்று அவள் கிளம்பினாள். வாசலிலேயே முழங்காலிட்டு என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். தலையில் கை வைத்து வாழ்த்தப் போனவன், பாதியில் கையை இழுத்துக்கொண்டேன். நல்லா இரு என்று வாயால் மட்டும் சொன்னேன். அவள் எழுந்திருக்கவில்லை, தலையைக் குனிந்தபடி இன்னும் காத்திருந்தாள்.