மேட்டுப் பாதையில் ஏறுமுன்

கனடாவில், ஸ்காபரோவின் ஓரத்தில் இருக்கும் ரூஜ் காட்டில் ஓடுவதற்கு எனக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று ஆற்றோரம் சமதரையாகப் போவது. மற்றது வேர்கள் காலை இடறும் மேட்டுப் பாதை. ஆற்றோரத்தில் சனிக்கிழமைதோறும் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் இருவர், நான் அங்கிள், அன்ரி என்று கூப்பிடும் கணவனும் மனைவியும், நடக்க வருவார்கள். மூச்சிரைக்க ஓடிவரும் ஒருத்தியை மறித்து, "பிள்ளை, ஊரிலை எவடம்?" என்று கேட்க வேறு யாரால் முடியும்? பதில் சொன்னேன். அடுத்த கிழமை, "சாப்பிட்டனீரோ?" என்று மறித்தார்கள்.

எரிச்சலில் ஒருநாள் மேட்டுப் பாதையால் ஓடினேன். ஒருவரும் மறிக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

திரும்பி வந்தபோது இருவரும் என் காருக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"கார் நிக்குது, உம்மைக் காணேல்லை. எங்கையேன் விழுந்து கிடக்கிறீரோ எண்டு பயந்துபோனம்," என்றார் அன்ரி, பிளாஸ்கைத் திறந்தபடி.

அங்கிளின் சப்பாத்து முழுக்க ஆற்றங்கரைச் சேறு. என்னைத் தேடிப் போய் வந்திருக்கிறார். அன்ரி ஊற்றித் தந்த தேத்தண்ணீரை மறுபேச்சில்லாமல் குடித்தேன்.

இப்போதும் மேட்டுப் பாதையில்தான் ஓடுகிறேன். ஆனால் முதலில் ஆற்றோரம் போய், "அன்ரி, போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறேன்.