இடக்கை கொடுக்கும் டீச்சர்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான், கிளீனராக லாரி ஏறி இன்று எட்டு லாரிகளுக்கு முதலாளி. எருமப்பட்டியில் என்னைப் பார்த்து எழுந்து நிற்காதவர்கள் குறைவு. அப்பேர்ப்பட்ட என்னையே ஒரு டீச்சர் வயிறெரிய வைத்துவிட்டார்.

என் மகள் வயிற்றுப் பேரன் படிக்கும் பள்ளியில், குருளையர் என்கிற சின்னப் பிள்ளைகளின் சாரணர் படைக்கு அவர்தான் பொறுப்பு. ஒல்லியான உடம்பு, சேலைக்கு மேலே சாரணர் ஸ்கார்ஃப். ஒரு பிள்ளை உறுதிமொழி சொல்லி முதல் படி ஏறினால், மண்டியிட்டு ஸ்கார்ஃபை மாட்டிவிடுவார். பிறகு விசிலை வலக்கைக்கு மாற்றிக்கொண்டு இடக்கையை நீட்டுவார்.

பேரன் அந்தக் கையைக் குலுக்கியபோது நானும் இருந்தேன். நான் வாங்கிக் கொடுத்த சைக்கிளுக்குக்கூட அவன் அப்படிச் சிரித்ததில்லை.

"ஏனுங்க டீச்சர், பீச்சாங்கையக் குடுத்துப் பழக்கறீங்களே, நல்லாவா இருக்குது?"

"படைக்குள்ள இப்படித்தானுங்க. இந்தக் கைக்காகத்தான் உங்க பேரன் இத்தன நாளாப் பாடுபட்டான்."

"அப்ப எனக்கும் குடுங்க," என்று இடக்கையை நீட்டினேன்.

"உங்களுக்குக் கும்பிடுதானுங்க. நீங்க இன்னும் உறுதிமொழி எடுக்கலீங்களே!" என்று கைகூப்பினார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

பேரன் அடுத்த படியும் ஏறிவிட்டான். பேட்ஜைக் காட்ட ஓடிவந்தவனிடம் மறுபடியும் இடக்கையை நீட்டிப் பார்த்தேன்.

"அப்புச்சி, உங்களுக்கு இந்தக் கைதான்," என்று சோற்றுக்கையைக் கொடுத்தான்.

மரியாதையான கைதான். ஆனாலும் எனக்கு வேண்டியது மற்றது.