கிணற்றடியில் கிடைத்த அழைப்பு

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, சபை சபையாகப் போய், வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டவன் நான். இன்று இதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறேன். 1958இல் அந்த வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

எங்கள் பிரஸ்பிட்டேரியன் முறைமை உங்களில் சிலருக்குத் தெரியாமலிருக்கலாம். இறையியல் படித்து முடித்தால் மட்டும் போதகராகிவிட முடியாது. ஏதாவது ஒரு சபை, ‘இவர் எங்களுக்கு வேண்டும்’ என்று அழைப்புக் கொடுக்க வேண்டும். அழைப்பு இல்லையென்றால் குருப்பட்டம் இல்லை. ஞானஸ்நானம் கொடுக்க முடியாது, திருவிருந்து நடத்த முடியாது. அழைப்புக்காக ஊர் ஊராகப் போய்ச் சோதனைப் பிரசங்கம் செய்ய வேண்டும். முடிந்ததும் நம்மை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே கை தூக்குவார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்களே, அதே கதைதான். ஒரு சபையில் குரல் பத்தாது என்றார்கள். இன்னொரு சபையில் அனுபவம் உள்ளவராகப் பார்க்கிறோம் என்றார்கள். அழைப்பே கொடுக்காவிட்டால் அனுபவம் எங்கிருந்து வரும்? நீங்களே சொல்லுங்கள்!

என் மனைவி கிரேஸ் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. திண்டுக்கல்லில் மாமனார் வீட்டில்தான் இருந்தோம். அவர் கெட்டவரல்ல. பொறுத்துப் பார்த்து ஒருநாள் சொல்லிவிட்டார்.

“மாப்ளே, இன்னும் எம்புட்டு நாளைக்கு இப்படியே அலையப்போறீக? வேடசந்தூர் மில்லுல கணக்கர் வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன். வர்ற ஞாயித்துக்கெழமையும் ஆகலைன்னா, திங்கக்கெழமை அங்க போய் நில்லுங்க. பிள்ளை வரப்போகுதுல்ல?”

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? அந்த ஞாயிறுதான் ஊழியத்துக்கு எனக்கிருந்த கடைசி வாசல்.

செம்பட்டி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். தை மாதம், வழியெல்லாம் பச்சை. போதகர் இல்லாத அந்தச் சபையைக் கவனித்துவந்த உபதேசியார் கூட்டிப்போக வந்திருந்தார். நடந்துகொண்டே கேட்டார்: “ஐயா, ஆராதனை முடிஞ்சு சாப்பாட்டுக்கு எந்த வீட்டுக்குப் போவீக?”

“யார் கூப்பிடுறாகளோ அங்க.”

“அய்யய்யோ! ரெண்டு பேருமில்ல கூப்பிடுவாக!”

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. சபையில் மூப்பர்கள் இரண்டு பேர். வடக்குத் தெருவில் தேவசகாயம், தெற்குத் தெருவில் சாமுவேல். பங்காளிகள். பொதுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறையில் தகராறாகி, வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. திருவிருந்தில் அப்பத்தட்டை மூப்பர்கள்தான் ஏந்திக்கொண்டு வருவார்கள். இவர் ஏந்தினால் அந்தத் தெரு தொடாது, அவர் ஏந்தினால் இந்தத் தெரு தொடாது. பிரசங்கத்துக்கு வருகிறவர் எந்த மூப்பர் வீட்டில் சாப்பிடுகிறாரோ, அந்தத் தெருவின் ஆளாகிவிடுவார். சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கிற ஓட்டில் மற்றத் தெரு கை தூக்காது.

“முன்னால வந்தவுக எல்லாம் நல்லாத்தான் பிரசங்கம் பண்ணுனாக. சோத்துலதான்யா தோத்தாக.”

“ரெண்டு வீட்லயும் சாப்பிட்டா?”

“மொதல்ல எந்த வீடுன்னு கேப்பாகளே.”

“ஒண்ணுலயும் சாப்பிடாமப் போனா?”

“ரெண்டு தெருவும் ஒண்ணாக் கோவிச்சுக்கும். அதுல மட்டும் ஒத்துமை.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 

கோயிலில் நடுவழிக்கு இந்தப்பக்கம் வடக்கு, அந்தப்பக்கம் தெற்கு. நான் இடப்பக்கம் திரும்பிப் பேசினால் வலப்பக்கத்து முகங்கள் இறுகின. என்ன பிரசங்கித்தேன் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை. முடித்துவிட்டுத் தலை குனிந்தேன். வாய் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது, உள்ளம் அலறியது. ‘ஆண்டவரே, எனக்கு வழி தெரியவில்லை. இந்த இரண்டு வாசலில் எதை மிதித்தாலும் நான் செத்தேன். நீரே ஒரு வழி காட்டும்!’

இன்னும் ஆமென்கூடச் சொல்லவில்லை. வெளியே ஒரு பெண்ணின் கூச்சல். “ஐயோ, மாடு கெணத்துல விழுந்துருச்சே!”

எல்லாரும் ஓடினோம். அதே பொதுக் கிணறு. கைப்பிடிச் சுவர் கிடையாது. சாமுவேலின் வண்டிமாடு மேயப் போன இடத்தில் தவறி விழுந்து, மூக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டி மூசுமூசென்று சுற்றியது. சாமுவேல் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த மாட்டை நம்பித்தான் அவர் குடும்பம்.

எனக்குக் கிணறு புதிதல்ல. உழுது பயிர் செய்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை நான். ஜிப்பாவைக் கழற்றி எறிந்து குதித்தேன். தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, “வயித்துக்கடியில கட்ட வடம் வேணும், சீக்கிரம்!” என்று கத்தினேன். கயிறு வந்தது, இற்றுப்போன கயிறு. இழுத்ததும் அறுந்தது. மாடு என்னையும் சேர்த்து அமுக்கியது. தண்ணீர் குடித்தேன். அவ்வளவு பாரம் தாங்குகிற, மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலை வடம் அந்த ஊரில் தேவசகாயம் வீட்டில்தான் இருந்தது. அது எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. 

மேலேயிருந்து ஒரு குரல். “ஏலே, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? நம்ம வீட்டு வடத்தைக் கொண்டாங்கடா!”

தேவசகாயத்தின் குரல். நான் முங்கி, வடத்தை வயிற்றுக்கடியில் கொடுத்துக் கட்டினேன். மேலே இரண்டு தெருவும் ஒரே வடத்தைப் பிடித்தது. முன்னால் சாமுவேல், அவருக்குப் பின்னால் தேவசகாயம். உள்ளங்கை அறுந்து ரத்தம் வந்தும் இருவரும் விடவில்லை. மாடு கரையேறி நடுங்கிக்கொண்டு நின்றது. சாமுவேல் அதைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு திரும்பி, “அண்ணே...” என்றார். 

“விடுப்பா,” என்றார் தேவசகாயம். “ஓய்வுநாள்ல மாடு விழுந்தா தூக்க மாட்டீகளான்னு ஆண்டவரே கேட்டிருக்காருல்ல?”

ஈர வேட்டியோடு நான் பல் கிட்டி உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு நடக்கிற தெம்பு யாருக்கும் இல்லை. பெண்கள் பானையோடு கிணற்றடிக்கே வந்துவிட்டார்கள். தெற்குத் தெருச் சோறு, வடக்குத் தெருக் கோழிக்குழம்பு. ஒரே இலையில் விழுந்தது. எந்த வீட்டில் சாப்பிட்டேன் என்று கேட்க ஆளில்லை.

ஓட்டெடுக்கும்போது நான் இருக்கக் கூடாதென்று என்னைப் புளியமரத்தடிக்கு அனுப்பினார்கள். செத்த நேரத்தில் உபதேசியார் ஓடி வந்தார். “ஐயா, எல்லாக் கையும் தூக்கியாச்சு!” அவ்வளவுதான். சின்னப்பிள்ளை போல விம்மி அழுதேன்.

திங்கட்கிழமை நான் வேடசந்தூருக்குப் போகவில்லை. மாமனாரே கிரேஸையும் பெட்டியையும் வண்டியேற்றிக் கொண்டுவந்து விட்டார்.

குருப்பட்டம் பெற்று முதல் திருவிருந்து நடத்தினேன். தேவசகாயம் அப்பத்தட்டை ஏந்தி, நடுவழியைத் தாண்டித் தெற்குப் பக்கம் போனார்.  சாமுவேல் கை நீட்டினார். ஏந்திய கையிலும் நீட்டிய கையிலும் வடம் அறுத்த தழும்பு இன்னும் மறையவில்லை. சாமுவேல் அப்பத்தை எடுத்து உண்டார்.

அன்றிலிருந்து, இன்ன வழியில் உதவி செய்யும் என்று ஆண்டவருக்கு நான் யோசனை சொல்வதில்லை. அன்பானவர்களே, உங்கள் வாசலும் அடைபட்டிருக்கிறதா? கேளுங்கள். வாய்விட்டுக் கேளுங்கள். ஆமென் சொல்வதற்குள் ஒரு கூச்சல் கேட்டால் பயப்படாதீர்கள், எழுந்து ஓடுங்கள். உங்களுக்கான பதில் அங்கே தத்தளித்துக்கொண்டிருக்கலாம்.