தூக்கத்துக்கு எடை பார்த்த நாள்

திருப்பதி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு டிபன் கடையில் தோசைக்கல் என் பொறுப்பு. அதற்கு முன் குப்பம் டவுன் பக்கம் கல் குவாரி, நாயுடுபேட்டையில் குடோன், நடுவில் லாரி கிளீனர். படிப்பு எட்டாவதோடு நின்றது. அந்த ஊர்கள் எதிலும் முழுதாக ஒரு வருஷம் இருந்ததில்லை. இந்தக் கடையில் இரண்டாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று முதல்முறையாகத் தோன்றியிருந்தது.

அப்போதுதான் அந்தச் சோர்வு வந்தது. பத்தரைக்குப் படுத்தால் காலை ஆறு வரை நன்றாகத் தூங்குவேன். பகலில் சோர்வு தெரியாது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம் சேரும்போது மட்டும் கை தோளிலிருந்து கழன்றதுபோல் ஆகிவிடும். மாவை ஊற்றிவிடுவேன், சுழற்றித் தேய்க்கத் தெம்பிருக்காது. தெம்புக்கென்று சர்க்கரை தூக்கலாக டீ குடிப்பேன். கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு முன்னைவிட மோசம்.

கடைக்கார அம்மா நகரிப் பக்கத்துத் தமிழ்க்காரர், என்னைவிடச் சின்னவர்.

"இன்னாண்ணா, ஊத்திக்கினே தூங்கறியா? கல்லு மேல வுழுந்தீன்னா உன்னையும் திருப்பிப் போட்டுத் துன்னுட்டுப் போயிடுவானுங்க" என்றார். அப்புறம் குரலை இறக்கி, "வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்கறேன். அப்பால வேற ஆளு வெச்சிக்குவேன். கோச்சிக்காத" என்றார்.

மறுநாள் காலை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் கர்னூல் பக்கம், தமிழ் தெரியாது. என் அரைகுறைத் தெலுங்கில், "தூக்கம் பாகுந்தி மேடம், சாயந்திரம் அயித்தே நீரசம்" என்றேன். தூக்கம் நன்றாக இருக்கிறது, சாயங்காலம்தான் சோர்வு என்று சொன்னதாக நினைப்பு.

"தூக்கம் பாகுந்தா? எக்கு" என்று எடை மிஷினைக் காட்டினார். தூக்கத்தை இப்படியும் அளப்பார்கள்போல என்று ஏறி நின்றேன். ஐம்பத்திரண்டு காட்டியது.

வரிசையில் எனக்குப் பின்னால் குழந்தையோடு நின்ற பெண் சிரித்துவிட்டாள். "யோவ், அவங்களுக்குத் தூக்கம்னா எடைய்யா! நித்ரன்னு சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அந்த எண் உறுத்தியது. போன முறை குடோனில் மூட்டை நிறுக்கும் தராசில் விளையாட்டாக ஏறியபோது அறுபத்தொன்று இருந்தேன். அதைச் சொன்னதும் நர்ஸ் சிரிப்பை நிறுத்தினார். தாகம் அதிகமா என்று கேட்டார். கல்லின் சூட்டில் நிற்பவனுக்குத் தாகம் எடுக்காதா என்றேன். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மாத்திரையும் வேளைக்குச் சாப்பாடும் இருந்தால் கட்டுக்குள் வரும், இனிப்பு டீ மட்டும் கூடாது என்றார் டாக்டர்.

பழைய ஆளாக இருந்தால் அப்படியே பஸ் ஏறியிருப்பேன். கடைக்குத் திரும்பி அம்மாவிடம் சொன்னேன்.

"இதுக்கா மூஞ்சிய தொங்கப்போட்டுக்கினு நிக்கற? எங்க நைனா இருவது வருஷமா சர்க்கரைய வெச்சிக்கினு கயினில ஏரு ஓட்டறாரு."

"வெள்ளிக்கெழமைன்னியேம்மா?"

"எந்த வெள்ளின்னு சொன்னேனா? அஞ்சு மணிக்கெல்லாம் துன்னு முடி, அப்பால கல்லுகிட்ட வா."

சோர்வு ஒரே நாளில் போகவில்லை. இரண்டு வாரம் நாற்காலி போட்டு இடையிடையே உட்கார்ந்துதான் ஊற்றினேன். மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம், மணி ஏழரை ஆகிவிட்டது கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை நான் உட்காரவே இல்லை. நாற்காலியை யாரோ உட்கார்ந்து சாப்பிட எடுத்துப் போயிருந்தார்கள். "ரெண்டு மசால், ஒரு ஆனியன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. மாவைக் கலக்கிக் கரண்டியை எடுத்தேன்.