முதலாம் தளத்தில் நின்றவரும் குணரத்தினம் அண்ணையும்

லண்டன் வெம்பிளியில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "உங்கட பேஸ்போல்காரர் மோசம் போயிட்டாராம், தெரியுமோ?" என்றார்.

"அவர் செத்து எத்தினையோ காலமெல்லே" என்றேன்.

கடைக்காரர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். அவர் சொன்னது குணரத்தினம் அண்ணையை. நான் நினைத்தது ஆல்பர்ட்டை.

அண்ணையை அறிந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணை ஹவுன்ஸ்லோவில் குடியிருந்து, விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை செய்தவர். வார இறுதியில், நான் வேலைசெய்யும் தமிழ் வாரப் பத்திரிகைக்கு வந்து விளையாட்டுப் பக்கத்தைத் தயாரிப்பார், எங்கள் எழுத்தையும் திருத்துவார். ஆல்பர்ட், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சம்பளத்துக்கு பேஸ்போல் ஆடியவர். நூலாலை நகரம் ஒன்றில் பிறந்து, சின்ன அணிகளில் பல ஆண்டுகள் முதலாம் தளத்தில், அதாவது 'பெர்ஸ்ட் பேஸில்', நின்றார். ஒரு கோடையின் முடிவில் பெரிய அணியொன்றின் ஆட்டக்காரருக்குக் கை முறிந்தபோது இவரைக் கூப்பிட்டார்கள். மற்றவரின் கை குணமானதும் இவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் சின்ன அணிகள். அதன் பிறகு நிலக்கரி வண்டி ஓட்டும் வேலை. அவ்வளவுதான் அந்த மனிதரின் கதை. எங்கள் வாசகர்கள் கிரிக்கெட்டும் கால்பந்தும் கேட்டார்கள். அண்ணை இடம் கிடைத்த போதெல்லாம் ஆல்பர்ட்டை எழுதினார்.

எனக்கு அந்த விளையாட்டு பிடிபடவே இல்லை. ஒருநாள் அலுவலகக் குசினியில் அண்ணை கால்மிதியைத் தளமாக்கி அதன் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "எறியும் ஐசே, பிழையா எறியும்" என்றார். கையில் இருந்த தோடம்பழத்தை எறிந்தேன். அது அவருக்கு முன்னால் நிலத்தில் குத்தி விலகியது. நாரிப்பிடிப்பு, குனிய ஏலாது என்று நாள்தோறும் முறையிடும் மனிதர், மிதியில் வைத்த காலை எடுக்காமலே மற்றக் காலை நீட்டி அதை அள்ளி எடுத்தார். அடித்தவன் ஓடி வந்து சேருவதற்குள், மற்றவர்கள் எறியும் பந்தைத் தளத்தில் கால் வைத்தபடி பிடிப்பதே ஆல்பர்ட்டின் வேலை என்றார். "பிடிச்சால் எறிஞ்சவனுக்குப் பேர். விட்டால் இவனுக்குப் பேச்சு." பிறகு நசுங்கிய பழத்தை என்னிடமே தந்து, சாப்பிடச் சொன்னார்.

பெரிய சிக்கல் ஆல்பர்ட்டின் நினைவு நாளில் வந்தது. அண்ணை அதற்கான குறிப்பை எங்கள் மரண அறிவித்தல் நடையிலேயே எழுதியிருந்தார்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நகரை வதிவிடமாகவும் கொண்ட, முன்னாள் முதலாம் தள ஆட்டக்காரர் ஆல்பர்ட் அவர்கள். பக்கம் அமைத்தவர் அதை மரண அறிவித்தல்களோடு சேர்த்துவிட்டார். பத்திரிகை வெளியானதும் தொலைபேசி ஓயவில்லை. பார்க்கிங் என்ற ஊரிலிருந்து ஓர் அம்மா, இவர் ஆருடைய மருமகன் என்று கேட்டார். வெள்ளைக்காரனைக் கட்டிய பிள்ளை யாரென்று அறியாமல் போனை வைக்கமாட்டேன் என்றும் சொன்னார். இன்னொருவருக்கு, உடலை எங்கே பார்வைக்கு வைத்திருக்கிறார்கள் என்று தெரியவேண்டியிருந்தது. ஆசிரியர் கொதித்தார். அண்ணையின் முகத்தில் நிம்மதிதான் தெரிந்தது. "நாலு சனமெண்டாலும் விசாரிச்சுதுகள்தானே" என்றார். அதை அவர் பகிடியாக எழுதினாரா, மெய்யாகவே எழுதினாரா என்று அன்று எனக்குப் புரியவில்லை. இன்றும் புரியவில்லை.

அண்ணையின் ஈமக்கிரியை முடிந்த சில நாட்களில் அவருடைய மனைவி லீலா அக்கா என்னை வீட்டுக்கு அழைத்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரில் அண்ணையின் வாழ்க்கையை நான் எழுதவேண்டும் என்றார். தேநீர் தந்துவிட்டு, முன்னால் உட்கார்ந்து கேட்டார்.

"தம்பி, அந்த ஆல்பர்ட் இவருக்கு ஆர்? உமக்குத் தெரியுமெண்டு இருந்திட்டன்."

நானோ, அக்காவுக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன். விமானத்தில் யாரோ விட்டுப்போன சஞ்சிகையில்தான் ஆல்பர்ட்டை முதன்முதல் அறிந்ததாக அண்ணை என்னிடம் சொல்லியிருந்தார். மகன் சுதனிடம், யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் ஒரு வாத்தியார் சொன்ன கதை என்றாராம். இரண்டும் உண்மையாக இருக்கமுடியாது.

"எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை" என்றார் அக்கா. "ஒரு வீட்டுக்குள்ள இருந்துகொண்டு, கேக்காமலே விட்டிட்டன்."

ஆல்பர்ட்டை விட்டுவிடலாம், சனம் சிரிக்கும் என்றான் சுதன். அக்கா சம்மதிக்கவில்லை. "சிரிக்கட்டும். அந்தாளை விட்டிட்டு எழுதினால் அது உன்ர அப்பா இல்லை." ஆனால் எழுதுவதென்றால் காரணம் சொல்லவேண்டும். அந்தக் காரணத்தை அவர் என்னிடம் எதிர்பார்த்தார்.

வீட்டுக்கு வந்து ஒரு காரணம் எழுதினேன். நாங்கள் கண்டபடி எழுதிக் கொடுத்ததையெல்லாம் அச்சுக்குப் போகுமுன் பிடித்துத் திருத்தியவர் அண்ணை. பிழையாக வந்த பந்தைப் பிடித்த ஆல்பர்ட்டில் அவர் தன்னைப்போல் ஒருவரைக் கண்டார் என்று. வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லும் நான் கேட்டதில்லை. கோடு போட்டு அடித்துவிட்டேன்.

அப்போது பழைய வாக்குவாதம் ஒன்று நினைவுக்கு வந்தது. அண்ணை தேடி எழுதிய ஆல்பர்ட்டின் ஆட்ட வாழ்க்கையில் ஒரு பருவம் முழுக்க வெறுமையாகக் கிடந்தது. எந்த அணியிலும் அவர் பெயர் இல்லை. காயம் என்று போட்டு நிரப்பும்படி ஆசிரியர் சொன்னார். அண்ணை மறுத்துவிட்டார். "தெரியாது எண்டு எழுதுறதுக்கும் ரெண்டு வரி இடம் வேணும்" என்று வாதாடி அந்த இடத்தை வாங்கினார். அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த இரண்டு வரி இடத்தைத்தான்.

நினைவு மலரில், லீலாவதியின் அன்புக் கணவரும், சுதனின் பாசமிகு தந்தையும், ஆல்பர்ட்டை நெடுங்காலம் நினைத்திருந்தவரும் ஆவார் என்று எழுதினேன். அதற்குக் கீழே, ஏன் நினைத்திருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை என்று எழுதினேன். தொலைபேசியில் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரியைத் திருப்பி வாசிக்கச் சொன்னார். பிறகு ஒரேயொரு திருத்தம் சொன்னார்.

"'எனக்கு' இல்லை, 'எங்களுக்கு' எண்டு போடும், தம்பி. நானும் அதுக்குள்ள வரவேணும்."